நாலாவது நாள் என்ன ஆச்சு?

செமஸ்டர் ஆரம்பம். ஹாஸ்டல் சுவரில் புது டைம்டேபிள். நாலு கலர் ஸ்கெட்ச்சில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு... 'காலை 5 மணிக்கு எழுவது, 5.15 ஜாகிங், 6 முதல் 8 வரை மேத்ஸ்!'

முதல் நாள் ஜோர். இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் ஆறரைக்குத்தான் கண்ணே திறந்தது. நாலாவது நாள்? அலாரமே வைக்கலை! 'நமக்கெல்லாம் இது செட் ஆகாதுப்பா' என்று ஒரு டயலாக். அவ்வளவுதான். டைம்டேபிள் மட்டும் செமஸ்டர் முடியும்வரை பரிதாபமாகச் சுவரில் தொங்கும். நிறைய அரியர்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

தப்பு உங்க மேல இல்லை பாஸ், அந்த டைம்டேபிள் மேல!

மூட் வரட்டும்னு காத்திருக்காதீங்க

'மூட் வந்தா படிப்பேன்' என்கிறோம். நிஜத்தில் உட்கார்ந்து நாலு வரி எழுதிய பிறகுதான் மூடே வரும்.

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆந்தனி டிரோலப் என்றொரு எழுத்தாளர். பல வருஷம் தபால் துறையில் முழுநேர வேலை. ஆனால், தினமும் காலை ஐந்தரைக்கு மேஜையில் ஆள் ஆஜர். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, 15 நிமிடத்துக்கு 250 வார்த்தை என்று எழுதுவார். இப்படியே எழுதித் தள்ளிய நாவல்கள் மொத்தம் 47!

மனுஷனுக்கு அவ்வளவு மன உறுதியா என்று மலைக்காதீர்கள். தன்னை எழுப்பிவிடுவதற்காகவே ஒரு பணியாளருக்கு வருஷத்துக்கு 5 பவுண்ட் கூடுதலாகக் கொடுத்தாராம். அவரே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். ஆக, மன உறுதியை மட்டும் நம்பி அவரும் இறங்கவில்லை!

21 நாள் கணக்கு

'21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 1960-ல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். அது கைமாறி கைமாறி எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2010-ல் அச்சில் வந்த அந்த முடிவின்படி, ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள்வரை ஆகலாம். இன்னொரு நல்ல சேதி... நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை!

அதாவது, மூன்றாம் நாள் நீங்கள் தூங்கியது பிரச்னையே இல்லை. நாலாவது நாள் 'எல்லாம் போச்சு' என்று விட்டதுதான் பிரச்னை.

சரி, என்ன செய்யலாம்?

* சின்னதா ஆரம்பிங்க. இரண்டு மணி நேரம் வேண்டாம். ஒரே ஒரு கணக்கு போதும். காய்ச்சல் வந்த அன்றும் செய்ய முடிகிற அளவு.

* இருக்கிற பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்க. 'சாயங்காலம் டீ குடிச்சு டம்ளரை வெச்சதும் ஒரு கணக்கு.' டே ஸ்காலரா? பஸ்ஸில் சீட் கிடைத்ததும் ஒரு பக்கம்.

* செல்போனைக் கை எட்டாத தூரத்தில் வையுங்க. பையில் வைத்து ஜிப்பை மூடினாலே பாதி ஜெயம்.

* ரூம்மேட்டைக் கூட்டணி சேருங்க. டிரோலப்புக்கு 5 பவுண்ட் செலவு. உங்களுக்கு ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி!

* காலண்டரில் தினமும் டிக் அடிங்க. ஒரு நாள் விட்டால் மன்னிப்பு உண்டு. மறுநாளும் விடக் கூடாது. அது மட்டும்தான் ரூல்.

பத்து டிக் சேர்ந்ததும் பாருங்கள்... 'என்னாலயும் முடியுது' என்று உள்ளுக்குள் ஒரு சின்ன கெத்து வரும். நாம் தேடிக்கொண்டிருந்த மோட்டிவேஷன் அதுதான்.

சுவரில் தொங்கும் அந்த டைம்டேபிளைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தில் இன்றைய கணக்கைப் போடுங்கள். ஒண்ணே ஒண்ணு!