சுமை குறைந்த காமிரா

புதுச்சேரிக்கு உல்லாசப் பிரயாணம் வரும் சில நண்பர்களின் காமிரா மூட்டையைப் பார்த்தால், ஊர் பார்க்க வந்தார்களா, ஸ்டூடியோ திறக்க வந்தார்களா என்று சந்தேகம் தோன்றும். அவர்களுக்கு 1950-ம் வருஷத்துச் சம்பவம் ஒன்றை நினைப்பூட்டலாம்.

ஸ்ரீ அரவிந்தர் 1926 முதல் ஆசிரமத்தில் ஏகாந்தவாசம் செய்து வந்தார். வெகு காலமாக அவரைப் படம் பிடிக்க அனுமதி கிடைப்பதில்லை. 1950 ஏப்ரலில் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரருக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது. கையில் சிறிய லைகா ஒன்று. பளிச்சென்று மின்னும் விளக்கை உபயோகிக்கும் வழக்கமே அவருக்குக் கிடையாது. நாற்காலியில் அசையாமல் வீற்றிருந்த பெரியவருக்கு எதிரே சுமார் பத்து நிமிஷம், அவ்வளவுதான். அதே வருஷம் டிசம்பர் 5-ந் தேதி ஸ்ரீ அரவிந்தர் மறைந்தார். முக்காலியை விரித்து விளக்குகளை நிறுத்துவதற்குள் அந்தப் பத்து நிமிஷமும் போயிருக்காதா?

லைகா பிறந்த காரணமும் சுமைதான். ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியிலிருந்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா உபாதை. கண்ணாடித் தகட்டுக் காமிராவைத் தூக்கிக்கொண்டு நடக்க இயலாமல், சினிமாப் பிலிமிலேயே சிறிய படம் எடுத்துப் பிறகு பெரிதாக அச்சிடும் யுக்தியைக் கண்டார். 1925-ல் அது விற்பனைக்கு வந்தது.

ஆகவே பிரயாணத்துக்கு ஒரு காமிரா, ஒரு லென்ஸ் போதும். மங்கிய ஒளியையும் வாங்கிக்கொள்ளும் அகன்ற துவாரமுள்ள லென்ஸாகப் பாருங்கள். எடையைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட, கழுத்தில் மாட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்று பார்ப்பது மேல். பகல் வெளிச்சத்துக்குக் கைபேசியே தாராளம். அந்தி மயங்கிய வீதிகளில்தான் அது தடுமாறும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் முதலில் மணலை ஊதிவிட்டு, அப்புறம் லென்ஸைத் துடையுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.