பல்லேகலை பதிந்த அதிர்வு

2004 டிசம்பர் 26, காலை 6.59. சுமாத்திராவுக்கு அப்பால், கடலடியில் புவித்தட்டுகளின் எல்லை ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. கண்டிக்குக் கிழக்கே, பல்லேகலையிலுள்ள நிலநடுக்கப் பதிவு நிலையத்தை முதல் அதிர்வு நான்கு நிமிடத்துக்குள் எட்டியது. பின்தொடர்ந்த மேற்பரப்பு அலைகள் இலங்கைத் தரையை 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏற்றி இறக்கின. அசைவு மெதுவானது, பெரும்பாலானோர் உணரவில்லை.

நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி கரையேற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. கருவி அறிந்ததைக் கரைக்குச் சொல்ல இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. பெருந்துயரம் அதுதான். கல்முனை, மருதமுனை, முல்லைத்தீவுக் கரைகளில் வீடுகள் போய் அத்திவாரமே மிஞ்சியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடு முழுவதும் 30,000க்கு மேல். காலியில் கோட்டை மதில் உள்ளேயிருந்த ஊரைக் காத்தது. வெளியே பஸ் நிலையத்தை வெள்ளம் அள்ளியது.

இந்து சமுத்திர எச்சரிக்கை அமைப்பு 2011இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஆனாலும், கரையோரம் செல்பவர்களே, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் அறிவிப்புக்குக் காத்திராதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.