வாடகைப் பிணைத்தொகையும் சட்ட உதவியும்: பேராக் தமிழர் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

பேராக் மாநில இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு வீடு என்பது வேலையோடு பிணைந்திருந்தது. லயத்து வீட்டிற்கு வாடகை ஒப்பந்தமும் இல்லை, பிணைத்தொகையும் இல்லை. தொழிலாளர் குடியிருப்புத் தரம் குறித்து 1966இலும் 1990இலும் இயற்றப்பட்ட சட்டங்களும் முதலாளி – தொழிலாளி உறவையே அடிப்படையாகக் கொண்டவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாறியும் போனபின், ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல, வாடகைதாரர் என்னும் புதிய நிலையை ஏற்றன. ஒப்பந்தங்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோ அமைவதால், அவற்றைப் படித்துப் பொருள் கூறும் பணி தமிழாசிரியரிடம் வந்து சேர்வதுண்டு. பிணைத்தொகை திரும்பக் கிடைக்காதபோது நாடத்தக்க வழிகளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

பேச்சுவழக்கில் ‘டெப்பாசிட்’, ‘அட்வான்ஸ்’ என்னும் இரண்டும் ஒரே பொருளில் வழங்கக் காண்கிறோம். சட்ட நோக்கில் இவை வேறானவை. முன்பணம் என்பது முன்கூட்டியே செலுத்தும் வாடகை. பிணைத்தொகையோ, வாடகைதாரர் தம் கடமைகளை நிறைவேற்றுவார் என்பதற்கு ஈடாக ஒப்படைக்கப்படுவது; கடமை நிறைவேறியபின் அவரிடமே திரும்ப வேண்டியது. வழக்கமாக அது இரண்டு மாத வாடகையாகும்; நீர், மின் கட்டணங்களுக்காக மேலும் அரைமாத வாடகை பெறப்படும். இவ்வேறுபாட்டை உணராது, இறுதி இரு மாத வாடகையைப் பிணைத்தொகையில் கழித்துக்கொள்ளுமாறு கூறுவோர் தாமே ஒப்பந்தத்தை மீறியவராகின்றனர்.

‘இயல்பான தேய்மானம்’ என்னும் தொடரும் கருதத்தக்கது. நாட்பட்ட பயன்பாட்டால் சுவர்ச்சாயம் மங்குதல் தேய்மானம். கதவு உடைபடுதல் சேதம். ஒப்பந்தம் வேறு கூறாதவிடத்துப் பின்னதற்கே பணம் பிடித்தல் பொருந்தும்.

சட்ட நிலை

வீட்டு வாடகைக்கெனத் தனிச் சட்டம் மலேசியாவில் இதுவரை இயற்றப்படவில்லை. ஆகவே 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே அடிப்படையாகிறது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருப்பினும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அதன் 75ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இழப்பு கோருவோர் அதனை மெய்ப்பிக்க வேண்டுமெனக் கூட்டரசு நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2018இல் கியூபிக் எலெக்ட்ரோனிக்ஸ் வழக்கில் இந்நிலை மாறியது. மெய்யான இழப்பை எல்லா வழக்கிலும் காட்டத் தேவையில்லை என்றும், தொகை நியாயமற்றதெனக் காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவரைச் சாரும் என்றும் அந்நீதிமன்றம் கூறியது. இதனால் வாடகைதாரர் சான்றுகளைப் பேணுதல் முன்னிலும் இன்றியமையாததாகிறது.

மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை உறவு வாய்மொழியாகவும் அமையலாம் எனத் தேசிய நிலச் சட்டம் கூறுகிறது. ஆதலால் எழுத்து ஒப்பந்தம் இல்லாதவர் உரிமையற்றவர் அல்லர். ரசீதும் வங்கிப் பதிவும் அவர்க்குத் துணையாகும்.

உதவி பெறும் வழி

முதற்கண், தொகையையும் கெடுவையும் குறித்து வீட்டுக்காரர்க்குக் கடிதம் எழுதி, அதன் படியைப் பாதுகாத்தல் வேண்டும். பயனில்லையேல், மஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையை நாடலாம். 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கைகளைத் தனிநபர் 198ஆம் படிவத்தின்வழி தாமே தாக்கல் செய்யலாம். பொதுவாக வழக்கறிஞர் இதில் வாதிடுவதில்லை. மாத வாடகை 900 ரிங்கிட் எனின், இரு மாதப் பிணைத்தொகையும் அரைமாதத் தொகையும் சேர்ந்து 2,250 ரிங்கிட். இவ்வரம்புக்குள் அது அடங்கும். ஒப்பந்த வழக்குகளுக்குக் காலவரம்பு ஆறாண்டு.

எவ்விடம் செல்லலாகாது என்பதை அறிதலும் தேவை. வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் வீடமைப்பு நிறுவனத்திடம் வீடு வாங்கியோர்க்கு உரியது. 2011இல் அமைந்த தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் குற்றவியல் வழக்குகளுக்கானது. வருமானம் குறைந்தோர் அரசின் சட்ட உதவித் துறையிலும், பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

முடிவுரை

பிணைத்தொகைப் பூசல் வீட்டைக் காலிசெய்யும் நாளில் வெளிப்படினும், அதன் வித்து குடிபுகும் நாளிலேயே இடப்படுகிறது. வீட்டின் நிலையை அன்றே பட்டியலிட்டு, படமெடுத்து, இருவரும் கையொப்பமிடுதல் நன்று. ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுமாறு வரும் பெற்றோரிடம் ‘முன்பணம்’, ‘பிணைத்தொகை’ என்னும் இரு சொற்களையும் பிரித்துணர்த்தும் ஆசிரியர், ஒரு குடும்பத்தின் இரண்டரை மாத வாடகைப் பணத்தைக் காத்தவராவார்.