ஒருமுனை மின்சாரத்தில் மும்முனை இயந்திரங்களை இயக்குதல்

லேத், துளையிடும் இயந்திரம், மர இழைப்பு இயந்திரம், சாணை இயந்திரம் போன்ற பட்டறை இயந்திரங்களில் பெரும்பாலும் மும்முனை மின்சாரத்தில் ஓடும் தூண்டல் மோட்டார்களே பொருத்தப்பட்டிருக்கும். வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் வரும் இணைப்போ பெரும்பாலும் ஒருமுனை இணைப்பு. பழைய லேத் ஒன்றை வாங்கி வந்து வீட்டின் பின்புறத்தில் தொழில் தொடங்க நினைப்பவர் முதலில் சந்திக்கும் சிக்கல் இதுதான். இதற்குப் பல தீர்வுகள் உள்ளன. எது பொருந்தும் என்பதை மோட்டாரின் மேல் உள்ள தகவல் தகட்டைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். படிக்காமல் இணைத்தால் மோட்டாரின் சுருள் எரிந்துபோகும்.

இரு மின்சாரங்களின் வேறுபாடு

ஒருமுனை இணைப்பில் ஒரு ஃபேஸ் கம்பியும் ஒரு நியூட்ரல் கம்பியும் இருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் இவற்றுக்கு இடையே 230 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மும்முனை இணைப்பில் மூன்று ஃபேஸ் கம்பிகள் உள்ளன. ஒன்றின் மின்னழுத்தம் உச்சத்தை அடைந்து, சுற்றில் மூன்றில் ஒரு பங்கு நேரம் கழிந்தபின் அடுத்தது உச்சத்தை அடையும். ஏதேனும் இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கு இடையே 230 × 1.732, அதாவது ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கும். பழைய தகடுகளில் இது 415 வோல்ட் என்று காணப்படும்.

மூன்று ஃபேஸ்களும் மோட்டாரின் மூன்று சுருள்களில் அடுத்தடுத்துப் பாய்வதால் உள்ளே ஒரு சுழலும் காந்தப்புலம் உருவாகிறது. சுழலி அதைப் பின்தொடர்ந்து சுற்றுகிறது. ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் பணியாற்றிய மிகைல் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி 1889-இல் இவ்வகை மும்முனை மோட்டாரை உருவாக்கினார். 1891-இல் லாஃபன் என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிராங்க்ஃபர்ட்டுக்கு மும்முனை மின்சாரம் அனுப்பிக் காட்டப்பட்டது. தொழிற்சாலைகளில் மும்முனை முறை நிலைபெற இது வழிவகுத்தது.

ஒரே முனையில் மோட்டார் ஏன் கிளம்புவதில்லை?

காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். மிதிப்பலகை உச்சியிலோ அடியிலோ நின்றுவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் கிளம்பாது. தையல்காரர் கையால் சக்கரத்தைச் சற்றே தள்ளிவிடுவார். பிறகு மிதித்தாலே ஓடும். எந்தப் பக்கம் தள்ளினாரோ அந்தப் பக்கமே ஓடும்.

மும்முனை மோட்டாருக்கு ஒருமுனை மின்சாரம் மட்டும் கொடுத்தாலும் இதே நிலைதான். காந்தப்புலம் சுழலாமல் முன்னும் பின்னுமாக மாறுகிறது. நின்ற நிலையில் இரு திசை விசைகளும் சமமாக இருப்பதால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். அப்போது இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து, சில நிமிடங்களிலேயே சுருள் கருகிவிடும். கீழே வரும் வழிமுறைகளில் முதல் மூன்றும் மோட்டாருக்கு அந்தக் கைத்தள்ளலைத் தரும் வெவ்வேறு வழிகளே.

தகவல் தகட்டைப் படித்தல்

தகட்டில் முதலில் பார்க்க வேண்டியவை மின்னழுத்தமும் இணைப்பு வகையும்.

• 230/400 வோல்ட், டெல்டா/ஸ்டார் என்று இருந்தால், அந்த மோட்டாரை டெல்டா இணைப்பில் 230 வோல்ட்டில் முழுத் திறனுடன் ஓட்டலாம்.
• 415 வோல்ட் ஸ்டார் என்று மட்டும் இருந்தால், முனையப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஆறு முனைகள் வெளியே வந்திருந்தால் டெல்டாவாக மாற்றலாம். மூன்று மட்டுமே இருந்தால் ஸ்டார் இணைப்பு உள்ளேயே முடிச்சிடப்பட்டுள்ளது என்று பொருள். மோட்டார் சுருள் கட்டுபவரிடம் கொடுத்து மற்ற முனைகளையும் வெளியே எடுக்க வேண்டும்.
• 415 வோல்ட் டெல்டா என்று இருந்தால், 230 வோல்ட்டில் முழுத் திறன் கிடைக்காது.

வழிமுறைகள்

1. மின்தேக்கி இணைப்பு

பட்டறைகளில் கண்டென்சர் என்று சொல்லப்படும் மின்தேக்கியைப் பயன்படுத்துவது மிக மலிவான வழி. டெல்டா இணைப்பில் உள்ள மோட்டாரின் இரு முனைகளுக்கு ஃபேஸும் நியூட்ரலும் கொடுக்கப்படும். மூன்றாவது முனை மின்தேக்கி வழியாக இவற்றில் ஒன்றுடன் இணைக்கப்படும். மற்றதுடன் மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். 230 வோல்ட்டில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோ ஃபாரட் தேவை. ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 50 மைக்ரோ ஃபாரட். தொடர்ந்து மின்சாரத்தில் இருக்கக்கூடிய வகை மின்தேக்கியையே பயன்படுத்த வேண்டும்.

இம்முறையில் மோட்டாரின் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். தொடக்க முறுக்குவிசையும் குறைவு. மின்தேக்கி ஒரு குறிப்பிட்ட சுமைக்கு மட்டுமே சரியாகப் பொருந்துவதால், சுமையின்றி ஓடும்போது ஒரு சுருள் அதிகம் சூடேறும். சிறிய சாணை இயந்திரத்துக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் இது போதும். காற்றழுத்தி போன்று சுமையோடு கிளம்பும் இயந்திரங்களுக்குப் பொருந்தாது.

தமிழக விவசாயிகளுக்கு இந்த உத்தி புதிதல்ல. மும்முனை மின்சாரம் இல்லாத நேரங்களில் இருமுனை மின்சாரத்தில் கண்டென்சர் போட்டுக் கிணற்று மோட்டாரை ஓட்டியவர்கள் பலர். மோட்டார்கள் எரிந்ததற்கும் அது ஒரு காரணம்.

2. சுழல் மாற்றி

சுமையில்லாமல் ஓடும் ஒரு மும்முனை மோட்டாரை ஒருமுனை மின்சாரத்தில் கிளப்பி ஓடவிட்டால், அதன் மூன்றாவது முனையில் மின்னழுத்தம் தானே உருவாகும். அந்த மூன்று முனைகளிலிருந்தும் மற்ற இயந்திரங்களுக்கு மின்சாரம் எடுக்கலாம். ஓட்ட வேண்டிய பெரிய மோட்டாரைவிட இந்த மோட்டார் பெரியதாக இருக்க வேண்டும். 415 வோல்ட் தேவையானால் மின்னழுத்தத்தை உயர்த்தும் மின்மாற்றியும் வேண்டும். பல இயந்திரங்கள் உள்ள பட்டறைக்கு இது ஏற்றது. இரைச்சலும் மின்செலவும் இதன் குறைகள்.

ரயில் எஞ்சின்களிலும் இதே தத்துவம் பயன்பட்டது. தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து அவற்றுக்குக் கிடைப்பது 25,000 வோல்ட் ஒருமுனை மின்சாரம். பழைய மின்சார எஞ்சின்களில் விசிறிகளையும் காற்றழுத்திகளையும் ஓட்டத் தேவையான மும்முனை மின்சாரத்தை அர்னோ மாற்றி என்னும் சுழல் மாற்றி தயாரித்தது.

3. வி.எஃப்.டி.

இது ஒருமுனை மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு மின்னணு முறையில் மும்முனை மின்சாரமாக மாற்றும் கருவி. மோட்டாரின் வேகத்தையும் இதன் மூலம் மாற்றலாம். தொடக்கத்தில் மின்னோட்டம் எகிறாமல் மெதுவாகக் கிளப்பலாம். டபிள்யூ.ஏ.பி. 7 போன்ற இன்றைய ரயில் எஞ்சின்களின் மும்முனை மோட்டார்களும் இத்தகைய மாற்றிகளால்தான் ஓடுகின்றன.

230 வோல்ட் உள்ளீடு கொண்ட சாதாரண வி.எஃப்.டி. தருவதும் 230 வோல்ட் மும்முனைதான். ஆகவே டெல்டாவாக மாற்றக்கூடிய மோட்டாருக்கு இதுவே சிறந்த வழி. 415 வோல்ட் டெல்டா மோட்டாரை இதில் இணைத்தால் சுமார் 28 ஹெர்ட்ஸ் வரைதான் முழு முறுக்குவிசை கிடைக்கும். திறன் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

4. மோட்டாரை மாற்றுதல்

ஒரே ஒரு சிறு இயந்திரம்தான் என்றால், ஒருமுனை மோட்டாரைப் பொருத்திவிடுவது எளிது. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திசையை மாற்ற இயலாது. லேத்தில் மரை வெட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மின்னோட்டக் கணக்கு

எந்த மாற்றியும் புதிதாக மின்திறனை உண்டாக்குவதில்லை. 3 குதிரைத்திறன் மோட்டார் 2238 வாட் தருகிறது. செயல்திறன் 80 விழுக்காடு என்றால் அது எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2800 வாட். மின்திறன் காரணி 0.8 எனக் கொண்டால்,

மும்முனையில்: 2800 ÷ (1.732 × 415 × 0.8) = ஏறத்தாழ 5 ஆம்பியர்
ஒருமுனையில்: 2800 ÷ (230 × 0.8) = ஏறத்தாழ 15 ஆம்பியர்

வி.எஃப்.டி. மின்னோட்டத்தைத் துடிப்புகளாக எடுப்பதால் இது 20 ஆம்பியரையும் தாண்டலாம். ஆகவே வீட்டிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகி ஓட்டக் கூடாது. தனிக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் தேவை.

பாதுகாப்பும் சட்டமும்

• மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கியிலும் வி.எஃப்.டி.யிலும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். கையேட்டில் சொல்லியுள்ள நேரம் காத்திருந்து, அளந்து பார்த்த பின்னரே தொட வேண்டும்.
• இயந்திரத்தின் உடலுக்கும் மாற்றிக்கும் எர்த் இணைப்பு கட்டாயம்.
• வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் இடையே சுவிட்ச் வைத்து ஓட்டத்தில் நிறுத்தக் கூடாது, கருவி பழுதாகும்.
• மின்தடை நீங்கியதும் இயந்திரம் தானாகக் கிளம்பாதபடி ஸ்டார்ட்டர் அமைய வேண்டும். ஓடாத இயந்திரம் என்று எண்ணிக் கையை வைத்தவர்கள் விரல்களை இழக்க நேரிடும்.
• வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது, மின்சாரச் சட்டம் 2003-இன் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடாகக் கருதப்படும்.

தமிழ்நாட்டில் குடிசைத் தொழில்களுக்கும் குறுந்தொழில்களுக்கும் தனி மின்கட்டண வகை உண்டு. பெரிய மோட்டார்கள் இருந்தாலோ நாள் முழுவதும் வேலை நடந்தாலோ, மாற்றிகளுக்குச் செலவிடும் முன் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிப்பதே நல்லது. ஓரிரு சிறு இயந்திரங்களுக்கு மாற்றி போதும். இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிட வேண்டும்.