நம்பிக்கையும் ஒரு கணக்குதான்

‘ஈ சலா கப் நம்தே’ – இந்த முறை கோப்பை நமதே. ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு கிரிக்கெட் அணியின் ரசிகர்கள் ஆண்டுதோறும் எழுப்பிய இந்தக் கன்னட முழக்கம், மற்ற அணி ரசிகர்களுக்கு நெடுங்காலம் கேலிப்பொருளாகவே இருந்தது. 2009, 2011, 2016 என மூன்று இறுதிப் போட்டிகளில் தோல்வி. 2025 ஜூன் 3 அன்று பஞ்சாப் அணியை 6 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்த்தியபோதுதான், 18ஆவது ஐபிஎல் தொடரில், கோப்பை கைக்கு வந்தது. ராசியில்லாத அணி என்று புலம்பியவர்கள் ஒரு கணக்கைப் பார்த்திருக்கலாம். ஆண்டுதோறும் எட்டே அணிகள், எல்லாம் சமபலம் என்றே வைத்துக்கொண்டாலும், ஓர் அணி தொடர்ந்து 17 முறை வெறுங்கையோடு திரும்ப ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. அது சாபமல்ல. அதே கணக்குப்படி, ‘இந்த முறை நமதே’ என்பதும் எட்டில் ஒரு வாய்ப்புதான்.

ஆக, முழக்கமிட்டவரும் புலம்பியவரும் வாய்ப்பை எடைபோடவில்லை. நம்புகிறவர் மகிழ்ச்சியை முன்பணமாக வாங்கிக்கொள்கிறார். அவநம்பிக்கைக்காரர் ஏமாற்றத்தைத் தவணையில் கட்டித் தீர்க்கிறார். அணியின் ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதானே அறிவு என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் 2024இல் முதல் 8 ஆட்டங்களில் 7இல் தோற்ற இதே அணி, அடுத்த 6 ஆட்டங்களையும் வென்று பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. ஆட்டத்தைப் பார்த்துக் கைகழுவியவர்களும் தவறத்தான் செய்தார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ரசிகருக்கு அங்கே என்ன வேலை?