சுடுகாட்டுப் பூவில் புற்றுநோய் மருந்து!

நித்தியகல்யாணி செடி தெரியும் அல்லவா? “சுடுகாட்டு மல்லி” என்று சொல்லி வீட்டில் வைக்கப் பலர் பயப்படுவார்கள். ஆனால் எத்தனையோ குழந்தைகளைச் சுடுகாட்டுக்குப் போகாமல் காப்பாற்றியது இந்தச் செடிதான்!

1952-ல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிளுக்கு, டாக்டரான அண்ணன் மூலம் ஒரு கவர் வந்தது. ஜமைக்கா தீவில் பறித்த 25 இலைகள்! “சர்க்கரை நோய்க்கு அங்கே இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள்” என்று தகவல்.

சாறு எடுத்து எலிகளுக்கு ஊசி போட்டார். சர்க்கரை இறங்கவே இல்லை. எலிகள்தான் செத்தன! ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைய, கிருமி தாக்கிவிட்டது. (வேலியோரச் செடியைப் பறித்து அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், சார். விஷம்!)

வெள்ளை அணு கன்னாபின்னாவென்று பெருகுவதுதானே பல ரத்தப் புற்றுநோய்களில் நடப்பது? மனுஷர் விடவில்லை. வேதியியல் நிபுணர் சார்லஸ் பீரைச் சேர்த்துக்கொண்டார். 1958-ல் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதன் தம்பி வின்கிறிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் டாக்டர்கள் போடும் ஊசி அது.

ஒரே கஷ்டம், செடியில் மருந்துச் சத்து ரொம்பக் கொஞ்சம். 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அதற்கும் வழி பார்த்தாயிற்று. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றி, மருந்துக்கான மூலச்சரக்கை அதிலேயே விளைய வைத்தார்கள் டென்மார்க் விஞ்ஞானிகள், 2022-ல்!