மூடி திறக்கப் போனவன் கதை

சோடா பாட்டில் மூடியைப் பல்லாலேயே திறக்கிற வீரன் நான். போன மாசம் ஆபீஸ் டூரில் மூடி அசையவில்லை. மேல் முன்பல் முறிந்தது. அதுவும் ஈறுக்கு உள்ளே! பத்தே நாளில் பெண் பார்க்கப் போக வேண்டும்.

"பிடுங்கிட்டு வேற கட்டிடுங்க டாக்டர்" என்றேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்தவர், "வேர் நீளமா, விரிசல் இல்லாம இருக்கு. பிடுங்கினா தாடை எலும்பும் கரையும். என்ன அவசரம்?" என்றார்.

கேப் போட, ஈறுக்கு வெளியே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது சொந்தப் பல் வேண்டுமாம். இல்லாவிட்டால் கேப் கழன்றுவிடும். வேரே பிளந்தாலும் பிளக்கும். ஈறையும் எலும்பையும் செதுக்கலாம்தான். ஆனால் சிரித்தால் அந்த ஒரு பல் மட்டும் நீளமாகத் தெரியும் (எனக்கு ஏற்கெனவே மூக்கு நீளம்). அதனால் ரூட் கனால் செய்து, வேரில் கொக்கி மாட்டி, பக்கத்துப் பற்களில் கம்பி கட்டி வேரையே மெல்லக் கீழே இழுக்கிறார்கள். சில வாரம் இழுப்பு, அப்புறம் அது மறுபடி ஏறிவிடாமலிருக்கக் கட்டிப்போட்டு வைப்பு, கடைசியில்தான் கேப். குட்டை வேர், நெடுக்கப் பிளந்த வேர் என்றால் இதெல்லாம் நடக்காது. பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட்டோ பிரிட்ஜோதான்.

கம்பி மேலேயே தற்காலிகப் பல் ஒன்றை ஒட்டி என்னைப் பெண் பார்க்க அனுப்பினார் டாக்டர். கடிக்கக் கூடாது என்று கண்டிஷன். பஜ்ஜியை நான் தொடவேயில்லை.

"மாப்பிள்ளைக்கு ரொம்பக் கூச்சம்" என்று பேசிக்கொண்டார்களாம்.